பங்கருக்குள் ஒரு கதிரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் பொறாமையில்தான் எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிற வீடும், குளிர்பெட்டி நிறையச் சாப்பாடும், பயமில்லாமல் நிமிர்ந்து பார்க்கிற ஆகாயமும் உள்ள ஒருத்தி, மல்லாவியில் ஒரு பதுங்குகுழிக்குள் இருந்துவிட்டு வந்தவளைப் பார்த்து வயிறெரிகிறாள் என்றால், அவளுக்கு விசர் என்றுதானே நினைப்பீர்கள். என் கணவரும் அதைத்தான் நினைக்கிறார். வாய்விட்டும் சொல்கிறார்.

அந்த மற்றவளின் பெயர் இங்கிறிட். நோர்வேயின் மேற்குக் கரையில், மழை ஓயாத இந்தப் பட்டினத்தில், நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அவள் தாதி, நான் உதவியாளர். நல்ல உயரம், இடுப்பு வரைக்கும் தலைமயிர், எந்நேரமும் சிரித்த முகம். நல்ல பிள்ளை. கரைச்சலே அதுதான். கெட்டவளாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் பாட்டுக்குப் போயிருப்பேன்.

போன வருடம் மாரி தொடங்குகிற நேரம் ஒரு நிவாரண நிறுவனத்தோடு வன்னிக்குப் போனாள். மல்லாவி ஆஸ்பத்திரியில் வேலை. போகமுன் என்னிடம் வந்து, "உன் சகோதரி அங்கேதானே இருக்கிறார், ஏதாவது கொண்டுபோகட்டுமா?" என்று கேட்டாள். நானே இடமும் சொல்லி, ஒரு பார்சலும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பார்சலைக் கொடுக்கப் போனவள் அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய் இருந்திருக்கிறாள். இந்த வசந்தத்தில் திரும்பி வந்து, எங்கள் எல்லோரையும் தேநீர் அறையில் கூட்டி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, படம் போட்டுக் காட்டினாள். கேக்கும் கோப்பியும் வேறு.

செம்மண் தெரு வந்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருக்கிற சனம் வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் என் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்று கேட்டாள். என் ஊரை எனக்கே காட்டிச் சரிபார்க்கிறாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த படத்தில் என் அக்கா.

தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு பனங்குற்றியில் குந்தியிருந்து தைத்துக்கொண்டிருந்தார். மெலிந்துபோய், முன்மயிர் நரைத்து, கண்ணை ஊசிக்குக் கிட்டக் கொண்டுபோய். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தை ஒரு சுவர் நிறையப் பார்க்கிறேன், அதுவும் கேக் தின்கிறவர்களோடு சேர்ந்திருந்து.

"இதுதான் அக்கா" என்றாள் இங்கிறிட். அது அவருடைய பெயர் என்று நினைத்து, அறையில் இருந்தவர்கள் எல்லோரும் "அக்கா, அக்கா" என்று சொல்லிப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுசியை அக்கா என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் பிறந்தது. அது நான்.

அதற்கு அடுத்தது பங்கர். பனங்குற்றி அடுக்கி மண் போட்ட கூரை, இறங்குவதற்கு வெட்டிய படி, உள்ளே, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கதிரை. கால்களைப் பாதியில் அரிந்த மரக் கதிரை. "விமானம் வந்தபோது அக்கா என்னை இதில்தான் இருத்தினார். என் முழங்கால் நாடியில் முட்டியது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் கதிரையை எனக்குத் தெரியும். அக்கா இருந்து தைக்கிற கதிரை. எங்கள் வீட்டுச் சாமான்களில் மிஞ்சியது அந்த மெஷினும் அந்தக் கதிரையும்தான். வெள்ளைக்காரிக்கு நிலத்தில் இருக்க வராது என்று, அருமந்த கதிரையின் காலை அரிந்து பங்கருக்குள் வைத்துவிட்டு, தான் குற்றியில் குந்தியிருக்கிறார்! எனக்கு அக்காவிலும் கோபம் வந்தது.

கடைசிப் படத்தில் இங்கிறிட் இரட்டைப் பின்னலும் கறுப்பு றிபனுமாக நின்றாள், எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல. "குண்டு விழுந்த அன்றைக்கு பங்கருக்குள் அக்கா பின்னிவிட்டது" என்றாள்.

நான் எழும்பி, ஒரு கிழவியைக் குளிப்பாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்த நேரத்தில் குளிக்கிற கிழவி ஒருவரும் எங்கள் இல்லத்தில் இல்லை.

2

எங்கள் பழைய வீடு இரணைமடு வாய்க்காலுக்குப் பக்கத்தில். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் கணவர் முன்னமே நோர்வேக்கு வந்துவிட்டார். தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியபோது அந்த வீட்டில் அக்கா, நான், கைக்குழந்தையாக என் மகன். அக்காவும் நானுமாகச் சேர்ந்து மாமரத்தடியில் பங்கர் வெட்டினோம். எங்களுக்கு வெட்டத் தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட அன்றைக்கு அடியில் இருந்து ஊறி முழங்கால் வரைக்கும் நின்றது. மேலே குண்டு போடுகிற பொம்மர் சுற்றுகிறது, கீழே தவளை கத்துகிறது. நான் விறைத்துப்போய்ப் படியில் நிற்கிறேன்.

"இறங்கு பிள்ளை! சளி பிடிச்சா வேது பிடிக்கலாம். குண்டு விழுந்தா என்னத்தைப் பிடிக்கிறது?" என்று அக்கா என்னை இழுத்தார்.

பயம் வந்தால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. தையல்காரியின் கை. பங்கருக்குள் தைக்க என்ன இருக்கிறது? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னுக்கு இருப்பேன். அக்கா பின்னால் இருந்து என் தலையைப் பிடித்து இழுத்துப் பின்னத் தொடங்குவார். பின்னுவார், அவிழ்ப்பார், திரும்பவும் பின்னுவார். சத்தம் கிட்ட வர வர இறுக்கம் கூடும். எனக்குக் கண்ணால் தண்ணீர் வரும்.

"நோகுது அக்கா."

"நோகட்டும். உயிர் இருக்கெண்டு தெரியுதெல்லே."

அக்கா பயந்தவர் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பகலில் அவர் கதைக்கிற கதையைக் கேட்டால் ஆமிக்காரனே விலகி நிற்பான் போலிருக்கும். உண்மை தெரிந்தது எனக்கும் என் தலைக்கும் மட்டும்தான். இப்போது இன்னொருத்தியின் தலைக்கும் தெரிந்துவிட்டதா என்று நினைக்க நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நாட்களில் வன்னியில் ஒரு பழக்கம் வந்தது. வீட்டுக்கு ஆர் வந்தாலும் தேத்தண்ணிக்கு முதல் பங்கரைக் காட்டுவோம். "கிணறு அங்காலை, கக்கூசு பின்னுக்கு, பங்கர் இந்தா மாமரத்தடியிலை. இறங்கேக்கை தலை கவனம்." அதற்குப் பிறகுதான் சுகம் விசாரிப்பது. பங்கரைக் காட்டாமல் விருந்தாளியை இருத்துகிற வீடு ஒரு வீடா என்று கதைப்போம்.

அடுத்த வருடம் நான் பிள்ளையோடு இங்கே வந்துவிட்டேன். அக்கா வரவில்லை. அவரைக் கூப்பிட இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. கணவன் மனைவியைக் கூப்பிடலாம், தங்கச்சி அக்காவைக் கூப்பிட முடியாது. தொண்ணூற்றாறில் கிளிநொச்சிச் சனம் முழுக்க எழும்பி ஓடியபோது அக்கா மெஷின் தலையைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி, அதற்கு மேலே கதிரையைக் கவிழ்த்துக் கட்டி, தள்ளிக்கொண்டே மல்லாவிக்கு நடந்தார்.

3

இனி இந்தப் பாதுகாப்பான நாட்டின் கதையைக் கேளுங்கள்.

எங்கள் மாடிக் கட்டடத்தின் அடியிலும் ஒரு பங்கர் இருக்கிறது. கொங்கிறீட் சுவர், ஆனை வந்து இடித்தாலும் அசையாத இரும்புக் கதவு. எந்தக் காலத்துச் சண்டைக்குப் பயந்து கட்டினார்களோ தெரியாது. உள்ளே சைக்கிள், பனிச்சறுக்குத் தடி, பிள்ளைத் தள்ளுவண்டில். வருடத்தில் இரண்டு தடவை மத்தியானத்தில் பட்டினம் முழுக்க அபாயச் சங்கு ஊதிப் பரீட்சித்துப் பார்ப்பார்கள். அது பரீட்சை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வந்த புதிதில் அது ஊதியபோது அடுப்பை நிறுத்தி, பிள்ளையையும் பாஸ்போட் பையையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். மேல்மாடிக் கிழவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றார்.

"சைக்கிள் தேடுகிறீர்களா?" என்று கேட்டார்.

அப்போது எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் "ஓம்" என்பதுதான் சுலபமான சொல். அதைச் சொன்னேன். அந்த மனிதர் எழும்பி, ஒவ்வொரு சைக்கிளாகத் தொட்டுக் காட்டி இதுவா, இதுவா என்று கேட்டார். எனக்குச் சைக்கிளே இல்லை.

அந்தச் சங்குச் சத்தம் பழகிவிட்டது. ஆனால் விருந்தாளிக்குப் பங்கர் காட்டுகிற பழக்கம் போகவில்லை. இங்கிறிட் முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவள் சப்பாத்தைக் கழற்ற முதலே கீழே கூட்டிக்கொண்டு போய் அந்த அறையைக் காட்டினேன். அவள் பனிச்சறுக்குத் தடிகளைப் பார்த்து, "உங்கள் குடும்பத்துக்கும் இதில் விருப்பமா?" என்றாள். அவள் போனபின் இவர், என் கணவர், தலையில் அடித்துக்கொண்டார்.

"உமக்கென்ன விசரே? வீட்டுக்கு வந்த ஆளை நிலத்துக்குக் கீழை கூட்டிக்கொண்டு போறதே? என்ன நினைச்சுப் பயந்தாளோ!"

இப்படிப்பட்ட நாட்டில்தான் என் முழங்கால் உடைந்தது. போன வருடம் தை மாதம், பஸ் தரிப்பிடத்தில் ஐஸ். பால் வாங்கப் போனேன். ஒரு கால் வழுக்கியது, அவ்வளவுதான். முழங்கால் சில்லு இரண்டாகி, கம்பி வைத்துக் கட்டினார்கள். ஷெல்லுக்கும் பொம்மருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி விழுந்தும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தவள், பால் வாங்கப் போய் நொண்டியானேன். இப்போது அந்தக் கால் மடங்காது. கோயிலில் எல்லோரும் நிலத்தில் இருக்க, நான் வயதுபோனவர்களோடு கதிரை வரிசையில்.

4

அந்த வருடமே எங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் என்னிடம் இருந்த பயணப் பத்திரத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று அச்சடித்திருந்தது. பெரிய மனதுதான். நான் போகவேண்டிய நாடே அது ஒன்றுதான். இப்போது சிவப்பு பாஸ்போட். பள்ளி விடுமுறைக்கு வாறேன் என்று அக்காவுக்கு எழுதினேன். முழங்கால் புலம்பலும் அதே கடிதத்தில்தான். பழைய அடையாள அட்டையும் என்னிடம் பத்திரமாக இருந்தது. வவுனியாவில் அதைக் காட்டிப் பாஸ் எடுத்து, பாதை திறக்கிற நாள் பார்த்து வன்னிக்குள்ளே போய் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இவர் கணினியைத் திறந்து வெளிநாட்டமைச்சின் பக்கத்தை எடுத்தார். மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்; இங்கே பிறந்த சின்னவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. அவன் வாசிப்பான், நாங்கள் கேட்போம். எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதம் வந்தாலும் அப்படித்தான்.

"வடக்குக்கும் கிழக்குக்கும் எந்தப் பயணமும் வேண்டாம் எண்டு போட்டிருக்கு" என்றான் மகன். பிறகு நோர்வே மொழிக்கு மாறினான். "அம்மா, அங்கே போகிறவர்கள் செத்துவிடுவார்கள்."

"நீ அங்கை பிறந்தனி" என்றேன். "பங்கருக்குள்ளை என்ரை மடியிலை கிடந்து சிரிச்சனி."

"எனக்கு ஞாபகம் இல்லை" என்று தோளைக் குலுக்கினான். அந்தக் குலுக்கலை இந்த ஊர்ப் பள்ளிக்கூடம்தான் சொல்லிக் கொடுத்தது. அக்கா கண்டால் தோளிலேயே ஒன்று போடுவார்.

நான் விடவில்லை. அமைச்சுக்கே தொலைபேசி எடுத்தேன். ஒரு மனிதர் மரியாதையாகக் கதைத்தார். போகவேண்டாம் என்பது ஆலோசனை, தடை இல்லை என்றார். அப்படியென்றால் போகலாமா என்று கேட்டேன். போகவேண்டாம் என்று ஆலோசனை சொல்கிறோம் என்றார். எங்கள் வேலைத்தலத்தில் இருந்து ஒரு தாதி அங்கே போகிறாளே என்றேன். அவர் வேலைக்காகப் போகிறார், நீங்கள் சொந்தக் காரணத்துக்காகப் போகிறீர்கள், வேலை அவசியமான பயணம் என்றார். குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்று கேட்க வாய் வந்தது. என் நோர்வே மொழி அவ்வளவுக்கு ஓடாது. நன்றி சொல்லி வைத்தேன்.

காப்புறுதிக்காரரும் அதையே சொன்னார்கள். அமைச்சு வேண்டாம் என்ற இடத்தில் ஏதும் நடந்தால் அவர்கள் பொறுப்பில்லை.

"பார்த்தீரே?" என்றார் இவர். "நான் சொன்னா நீர் கேக்கமாட்டீர். அரசாங்கம் சொல்லுது."

"அரசாங்கத்துக்கு அக்கா இருக்கே?"

"பேய்க்கதை கதையாதையும். ரெண்டு பிள்ளையள் இருக்கு. உமக்கொண்டு நடந்தா நான் என்ன செய்யிறது?"

நியாயமாகச் சொல்ல வேண்டும், அமைச்சு பொய் எழுதவில்லை. அங்கே சாவு விழுகிறது. அந்தப் பக்கத்தை எழுதியவரைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அக்காவைக் காணாமலே இருந்தால் எனக்கு என்ன ஆகும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. இந்த முறை வரவில்லை என்று அக்காவுக்கு எழுதிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து, அதே சிவப்பு பாஸ்போட்டோடு, அதே அமைச்சின் அதே எச்சரிக்கையின் கீழ், இங்கிறிட் பறந்து போனாள். கண்டறியாத எச்சரிக்கை, எனக்கு மட்டும்தான் ஒட்டியது!

5

படம் காட்டிய அன்றைக்கு வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் இங்கிறிட் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குக் கோபமா?"

"பொறாமை" என்றேன். நோர்வே மொழியில் பொறாமைக்கு இரண்டு சொல் இருக்கிறது. மற்றவரிடம் இருப்பது தனக்கு இல்லையே என்பதற்கு ஒன்று. தன்னுடையதை மற்றவர் கொண்டுபோகிறாரே என்பதற்கு இன்னொன்று. எதைச் சொல்வதென்று தெரியாமல் இரண்டையும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. வாங்கில் என் பக்கத்தில் இருந்தாள். "முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். தேநீர் தர முதலே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தக் குழியைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீ உன் வீட்டில் எனக்குக் காட்டியது சைக்கிள் அறையை இல்லை என்று."

இப்படிச் சொன்னால் ஒரு மனுசி எப்படிக் கோபத்தைக் கட்டிக் காப்பது? ஆனாலும் காத்தேன்.

"அக்கா எவ்வளவு தைரியசாலி!" என்றாள். "கிட்டத்தான் குண்டு விழுந்தது. கூரை மண் எல்லாம் எங்கள் மேலே கொட்டியது. நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் ஆறுதலாக என் தலையைப் பின்னிக்கொண்டு இருந்தார்."

அவளுக்குத் தெரியவில்லை! பின்னலின் அர்த்தம் தெரியாமலே அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றையாவது என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

ஆனால் அன்றைக்குப் படுக்கும்வரைக்கும் மண்டைக்குள் ஓடியது வேறு. அக்காவுக்குக் கை நடுங்கிய நேரத்தில் பிடிக்க ஒரு தலை வேண்டியிருந்தது. அந்த நேரம் என் தலை இங்கே, தடித்த கண்ணாடி யன்னலுக்குப் பின்னால், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்திருக்கிறது. மேலே கிபிர் விமானம் சுற்ற, அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து பயப்படுகிற உரிமையை இன்னொருத்தி எடுத்துவிட்டாள். பயத்தில் கூடப் பொறாமைப்படலாம் என்று எனக்கு முதல் தெரியாது.

இன்னும் கேளுங்கள். இங்கிறிட் ஒரு நாள் அந்தப் படங்களை எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்து காட்டினாள். மகன் கண் வெட்டாமல் பார்த்தான். கதிரையைப் பற்றி, குண்டுச் சத்தத்தைப் பற்றி, பாம்பு வருமா என்று, ஆயிரம் கேள்வி.

"அம்மா, பெரியம்மா உண்மையா அதுக்குள்ளை இருக்கிறவாவா?"

"நான் எத்தினை தரமடா சொன்னனான்?"

"நீங்கள் சொன்னது கதை எண்டு நினைச்சன்."

பெற்ற தாய் சொன்னால் கதை. பொன்னிறத் தலைமயிர்க்காரி சொன்னால் வரலாறு. என்ன செய்ய, கேக் வெட்டிக் கொடுத்தேன்.

6

போன கிழமை வேலைக்குப் போக வெளிக்கிட்டு நிற்கிறேன், தொலைபேசி. வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடைக்காரப் பெடியன்.

"அக்கா, உங்கடை ஆள் இஞ்சை நிக்கிறா. இந்த நம்பருக்குத் திருப்பி எடுங்கோ."

எடுத்தேன். இரைச்சல், பஸ் சத்தம், பிறகு அந்தக் குரல்.

"பிள்ளை, அக்கா கதைக்கிறன். கண்ணாடி மாத்த வந்தனான். நாளைக்குப் பாஸ் முடியுது, திரும்பிப் போகோணும். எப்பிடி இருக்கிறாய்? முழங்கால் எப்பிடி?"

எத்தனையோ மாதமாகக் கேட்காத குரல். சுகமா என்று கேட்டிருக்க வேண்டும். சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது இது.

"வெள்ளைக்காரிக்குக் கதிரை அரிஞ்சு குடுத்தனீங்களாம்?"

"என்ன?"

"உங்கடை தையல் கதிரை. அவள் படம் போட்டுக் காட்டினவள். நீங்கள் குத்தியிலை குந்தியிருந்து தைக்கிறியள், அவ மகாராணி மாதிரிக் கதிரையிலை. தலையும் பின்னிவிட்டனீங்களாம். நான் ஆர் அக்கா உங்களுக்கு?"



"உனக்கு ஐஸிலை விழுந்தது முழங்காலோ மண்டையோ?" என்றார் அக்கா. "அந்தப் பிள்ளை வந்தது மாரி தொடங்கேக்கை. கதிரை அரிஞ்சது அதுக்கு முதல், ஆனியிலை. விடுமுறைக்கு வாறன் எண்டு நீதானே எழுதினாய். கால் மடங்காது, நிலத்திலை இருக்க ஏலாது எண்டும் எழுதினாய். பிறகு கிபிர் வந்தா உன்னை நான் எங்கை இருத்திறது? வெளியிலையோ? ஆள் பிடிச்சு பங்கரை அங்காலை நீட்டி வெட்டுவிச்சன், நீ காலை நீட்டிக்கொண்டு இருக்க. முழுக் கதிரையை இறக்கினா உன்ரை தலை கூரையிலை இடிக்கும். அதுதான் காலை அரிஞ்சது. அளவு பாக்க நானே எத்தினை தரம் இருந்து பாத்தன் தெரியுமே?"

தோளில் கிடந்த வேலைப் பையைக் கழற்றி நிலத்தில் வைத்தேன்.

"நீ வரேல்லை. கதிரை சும்மா கிடந்துது. அந்தப் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை கிபிர் வந்திட்டுது, கொண்டுபோய் இருத்தினன். அவள் நெடுவல், அவளுக்கு அது பொருந்தேல்லை."

"பிறகேனக்கா குத்தியிலை இருந்து தைக்கிறியள்? கதிரையை எடுத்திருக்கலாம்தானே."

"காலை அரிஞ்ச கதிரையிலை இருந்தா மெஷின் மூக்கிலை இடிக்கும். கால் என்ன திரும்ப முளைக்குமே?"

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

"தலை பின்னினது..." என்றேன்.

"கை நடுங்கினது பிள்ளை." குரலைத் தாழ்த்தினார். கடையில் நிற்கிற சனத்துக்குக் கேட்டுவிடும் என்ற கவலை. "உனக்குத் தெரியுந்தானே. அவளின்ரை மயிர் வழுக்கும், பின்னல் நிக்காது. உன்ரை தலை மாதிரி வராது."

அந்த ஒரு சொல்லில் என் வயிறு குளிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோசம்.

"இஞ்சை போகவேண்டாம் எண்டு அரசாங்கம் சொல்லுது அக்கா. இவரும் சொல்லுறார்."

"அவை சொல்லுறது சரி. இஞ்சை ஒண்டுமில்லை, வா எண்டு நான் பொய் சொல்லமாட்டன். உனக்கு ரெண்டு பிள்ளையள்." கொஞ்சம் பொறுத்து, "அந்த பஸ் தரிப்பிடத்துக்குப் போகவேண்டாம் எண்டு அவை ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டார்.

"அம்மா, வேறை ஆக்களும் நிக்கினம்" என்று கடைக்காரப் பெடியன் சொல்வது கேட்டது.

"சரி, வைக்கிறன். ஒண்டு சொல்லுறன் கேள். வாறதெண்டா மாரிக்கு முதல் வா. போன மாரிக்குப் பங்கருக்குள்ளை தண்ணி நிண்டு கதிரைக் கால் உக்கத் தொடங்கிட்டுது. இன்னொரு மாரி தாங்காது."

அன்றைக்குப் பின்னேரம் இவரிடம் சொன்னேன். மகன் கேட்காமலே போய் அமைச்சின் பக்கத்தை எடுத்துப் பார்த்தான். எச்சரிக்கை அப்படியேதான் இருந்தது. இவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கட்டுகிற பட்டியைக் கொண்டுவந்து என் பைக்குள் வைத்தார். "சுகமாய் வந்து சேரும்" என்று மட்டும் சொன்னார். புரட்டாதியில் பயணம்.

வேலைத்தலத்தில் இங்கிறிட் கட்டிப்பிடித்தாள். "அக்காவுக்கு ஒரு பார்சல் தரட்டுமா?" என்று கேட்டாள்.

"தா, கொண்டுபோகிறேன்" என்றேன். "அவருடைய பெயர் பவளம். அதை எழுதிக் கட்டு."

வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். இங்கே வந்தபின், வேலைக்குச் சுலபம் என்று தலைமயிரைத் தோளளவுக்கு வெட்டிவிட்டேன். அக்காவுக்கு அதை நான் சொல்லவில்லை. மூன்றாகப் பிரித்துப் பிடித்து, அக்கா பின்ன நீளம் போதுமா என்று பார்த்தேன். காணும். இறுக்கிப் பின்னினால் காணும்.